உரையாசிரியர் வளர்த்த மேற்கோள் மரபு

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதுகலைப் பட்டத்திற்காகப் பண்டைத் தமிழர் போர்முறை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய மாணவர் ஒருவர், அதனைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்குமுன் ஒருமுறை பார்த்துத் தருமாறு நம்மிடம் கொண்டுவந்தார். இந்தக் கொல்கத்தா நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழைத் தாயாரிடமும் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் கற்றவர். கட்டுரை நன்றாகவே அமைந்திருந்தது. பக்கந்தோறும் ஐந்தாறு அடிக்குறிப்புகள். இறுதியில் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களின் பட்டியல். மகிழ்ந்து படித்துக்கொண்டே வந்த நாம் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். நரைத்த கூந்தலையுடைய முதியவள் ஒருத்தியின் மகன், குடம் நிறைந்த பாலில் தெளித்த சிறிதளவு உறைமோர் போலப் பகைவர் பெரும்படையைத் தான் ஒருவனாகவே நிலைகுலையச் செய்தான் என்னும் அரிய உவமையை எடுத்துக்காட்டி, அதன் கீழே 'புறநானூறு, 267' என்று குறித்திருந்தார்.

புறநானூற்றில் 267ஆம் பாட்டு இல்லை. 267, 268 ஆகிய இரண்டும் மறைந்து போயின; அச்சேறிய பதிப்புகளில் அவ்விடம் வெற்றிடமாகவே நிற்கிறது. "தம்பி, இந்தப் பாட்டை எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள்?" என்று வினவினோம். "ஐயா, புறநானூற்றை நான் பார்க்கவில்லை. வேறொரு புத்தகத்தில் இப்படித்தான் குறிப்புப் போட்டிருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்" என்று ஒளிக்காமல் சொன்னார். பட்டியலிலுள்ள எழுபது நூல்களுள் தாம் திறந்து பார்த்தவை பதினெட்டு என்பதையும் சற்று நேரத்தில் ஒப்புக்கொண்டார்.

அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அடிக்குறிப்பு என்பது மேனாட்டார் கொணர்ந்த ஒரு சடங்கு, தேர்வாளரை நிறைவு செய்வதற்காகப் பக்கத்தின் கீழே இடப்படும் கோலம் என்றே நம் மாணவர் பலரும் எண்ணுகின்றனர். ஆசிரியர் சிலரும் அவ்வாறே கற்பிக்கின்றனர். ஆயின், பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாகவே சுட்டிக் காட்டும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. அவ்வழக்கம் பேணப்பட்ட இடங்களில் நூல்கள் பிழைத்தன; பேணப்படாத இடங்களில் அவை பெயரும் இன்றி அழிந்தன. அந்த மாணவருக்கு அன்று மாலை நாம் சொல்லத் தொடங்கிய செய்திகளையே ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

தொல்காப்பியர் தம் இலக்கணத்தில் எத்தனையோ விதிகளை 'என்ப', 'மொழிப', 'என்மனார்' என்னும் சொற்களால் முடிக்கின்றார். இவ்விதி எனக்கு முன்னிருந்தோர் கண்டது, யான் புதிதாகப் படைத்ததன்று என்பதே அச்சொற்களின் கருத்து. ஆனால் அம்முன்னோர் யாவர்? அவர்தம் நூல்களின் பெயர் யாது? தொல்காப்பியர் சொல்லவில்லை. அவர் காலத்து மாணாக்கர்க்கு அது சொல்லாமலே விளங்கியிருக்கும். நமக்கோ, தொல்காப்பியத்திற்கு முன் ஓர் இலக்கணப் பரப்பே இருந்தது என்பது மட்டும் தெரிகிறது; அதில் ஒரு நூலும் கைக்குக் கிட்டவில்லை. பின்வந்த பவணந்தியார் முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் பொன்போலப் போற்ற வேண்டும் என்று கருதி, பழைய நூற்பாக்கள் சிலவற்றை அப்படியே நன்னூலுள் அமைத்துக்கொண்டார். அங்ஙனம் அமைத்ததற்குக் காரணத்தையும் பாயிரத்திலேயே கூறிவிட்டார். பிறர் கருத்தை ஒரு நூல் எதிர்கொள்ளும் வகைகளை அவர் ஏழாகப் பகுத்திருப்பதும் நினைவுகூரத்தக்கது: உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின்பு களைவது, இருவர் முரண்பட்டால் ஒருவர் பக்கம் துணிவது என அவை செல்லும். இன்று ஆய்வேட்டின் முதல் இயலில் 'முன்னோர் ஆய்வுகள்' என்று எழுதச் சொல்கிறார்களே, அதற்கு இதனினும் நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

எழுத்தில் மட்டுமன்றி வாய்மொழியிலும் சான்று காட்டும் முறை இருந்தது. இறையனார் களவியலுக்கு உள்ள உரை, தான் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு பட்டியலையே தருகிறது. நக்கீரனார் தம் மகனார் கீரங்கொற்றனார்க்கு உரைத்தார். அவர் தேனூர்க் கிழார்க்கு உரைத்தார். அவ்வாறே ஆசிரியர் மாணாக்கராகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி, முடிவில் முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் வந்து சேர்ந்தது என்பது அப்பட்டியல். சான்றோர் வரிசையைப் பெயரும் ஊரும் சுட்டி எழுதிவைத்த அந்த மனப்பான்மை பாராட்டற்குரியது. ஆயினும் பாராட்டு வேறு, நம்புவது வேறு. அவ்வுரையினுள்ளே பாண்டிக்கோவை என்னும் கோவை நூலின் பாடல்கள் மிகுதியாக எடுத்தாளப்பட்டுள்ளன. அக்கோவையின் தலைவனோ நெல்வேலிப் போரில் வென்ற நெடுமாறன், கி.பி. ஏழாம் நூற்றாண்டினன். அவனைப் பாடிய பாடல்களைச் சங்கத்து நக்கீரனார் எங்ஙனம் எடுத்துக்காட்டியிருக்க இயலும்? ஆதலின் உரை இன்றுள்ள வடிவில் எட்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது என அறிஞர் முடிவு செய்தனர். வரிசையாகச் சொல்லப்பட்ட பெயர்கள் ஒன்று கூற, உள்ளே கிடந்த மேற்கோள்கள் வேறொன்று கூறின. மேற்கோளே வென்றது. அதனோடு, முழுமையாகக் கிட்டாத பாண்டிக்கோவையின் பாடல்கள் இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பதும் பெரும்பாலும் அவ்வுரையின் கொடையேயாகும்.

இடைக்கால உரையாசிரியர்களிடம் வருவோம். இவர்கள் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். பரிமேலழகர் தமக்கு முன் குறளுக்கு உரை கண்டோரை மறுக்கும் இடங்களில், இவ்வாறு உரைப்பாரும் உளர் என்று பெயர் கூறாமலே மறுத்துச் செல்வார். மணக்குடவர் உரையை அருகே வைத்துப் படித்தால்தான் யாரை மறுக்கிறார் என்பது பல இடங்களில் தெரியவரும். அந்த மணக்குடவர் உரை அழிந்திருந்தால் பரிமேலழகரின் மறுப்புகள் பலவும் நிழலோடு சண்டையிடுவன போலவே நமக்குத் தோன்றியிருக்கும். சேனாவரையர் இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்றே சுட்டுவார். அஃது அந்நாளில் அவருக்கே உரிய சிறப்புப் பெயராய் வழங்கியமையால் குழப்பம் நேரவில்லை. நச்சினார்க்கினியரோ பத்துப்பாட்டு, கலித்தொகை, சிந்தாமணி, தொல்காப்பியம் எனத் தாம் உரை கண்ட நூல்கள் எல்லாவற்றிலும் பழம்பாடல் அடிகளை வாரி இறைத்தவர். ஆனால் பல இடங்களில் 'என்றார் பிறரும்' என்ற அளவோடு நிறுத்திவிடுவார். அந்தப் பிறர் யார் என்பது அவருக்கும் அவர்தம் மாணாக்கர்க்கும் தெரியும். நானூறு ஐந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவனுக்குத் தெரியவேண்டும் என்று அவர் கருதவில்லை.

இவர்களிடையே அடியார்க்குநல்லார் தனித்து நிற்கிறார். சிலப்பதிகாரத்தில் இசையும் கூத்தும் நிரம்பியிருத்தலால், அவற்றின் இலக்கணம் தெரியாமல் உரை எழுத முடியாது. பழைய இசை நூல்களும் நாடக நூல்களும் அவர் காலத்திலேயே இறந்துபட்டன. ஆகவே எந்தெந்த நூல்களைத் துணையாகக் கொண்டு உரை எழுதுகிறேன் என்பதை அவர் உரைப்பாயிரத்திலேயே அறிவித்துவிடுகிறார்: இசை நுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என ஐந்து பெயர்களைச் சொல்கிறார். துணைநூற்பட்டியல் மேனாட்டு வழக்கம் என்போர் இந்தப் பாயிரத்தை ஒருமுறை படிக்க வேண்டுகிறோம். இவ்வைந்தும் வெறும் பெயர்களாகவே பன்னெடுங்காலம் நமக்குத் தெரிந்திருந்தன. பின்பு கொங்கு நாட்டைச் சேர்ந்த தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் அறிவனார் இயற்றிய பஞ்சமரபு 1970களில் அச்சேறியது. ஏட்டில் இருந்தது அந்தப் பஞ்சமரபுதானா என ஐயுற்றோர்க்கு அளவுகோலாக நின்றவை அடியார்க்குநல்லார் பெயர் சுட்டி எடுத்துக் காட்டியிருந்த வெண்பாக்களேயாகும். பெயர் சொல்லாமல் அவற்றை உரையோடு கலந்து எழுதியிருந்தால், கண்டெடுத்த நூலை இன்னதென்று உறுதி செய்ய வழியேது?

யாப்பருங்கல விருத்தி இதற்கு மறுதலையான ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அமிதசாகரரின் யாப்பருங்கலத்திற்கு எழுந்த அவ்விரிவுரையில் எடுத்துக்காட்டுப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் மலிந்துள்ளன. சிலவற்றிற்கு நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் உண்டு. மறைந்துபோன யாப்பு நூல்கள் பலவற்றின் பெயரை அங்கேதான் முதன்முதல் காண்கிறோம். ஏனைய பாடல்கள் பெயரற்றவை. அவற்றுள் சில மிக அழகியவை. ஏதோ ஒரு காப்பியத்தின் நடுவிலிருந்து உதிர்ந்தவை என்பது படித்த அளவிலே தோன்றும். எந்தக் காப்பியம் என்பதுதான் தெரியாது. வீட்டு முகவரி மறந்த குழந்தையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டது போன்ற நிலை அது.

பெயர் சுட்டியதால் விளைந்த நன்மைக்குத் தலைசிறந்த சான்று புறத்திரட்டு. ஏறத்தாழ பதினைந்தாம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர், தாம் விரும்பிய அறப்பாடல்களையும் பொருட்பாடல்களையும் அதிகாரம் அதிகாரமாகத் தொகுத்து வைத்தார். தம் பெயரைச் சொல்லாத அப்பெருமகனார் தாம் எடுத்த நூல்களின் பெயரைச் சொல்ல மறக்கவில்லை. அத்தொகுப்பைப் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை ஆராய்ந்து திருத்தி 1938இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார். முத்தொள்ளாயிரம் என்ற பெயரோடு இன்று நாம் படித்து மகிழும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களும் அத்தொகுப்பிலிருந்து வந்தவை. தகடூர் யாத்திரையின் எஞ்சிய பாடல்களில் பெரும்பகுதியும் அதிலிருந்து வந்ததே. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் எழுபத்திரண்டு பாடல்களில் மிகப் பலவும் அங்கிருந்தே கிடைத்தன. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் திருவாவடுதுறை ஆதீனத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டைக் கண்டதாகவும், பின்பு தேடியபோது அஃது அகப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஏடு போயிற்று. பெயர் தெரியாத தொகுப்பாளர் ஒவ்வொரு பாட்டோடும் நூற்பெயரை எழுதியதால் எழுபத்திரண்டு பாட்டேனும் தங்கின. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் புத்தகத்தைப் புரட்டுவோர் இவ்வுண்மையைப் பக்கந்தோறும் காணலாம். அப்புத்தகம் முழுவதும் உரையாசிரியர்களின் மேற்கோள்களைக் கொண்டே கட்டப்பட்டது.

இனி ஐயரவர்களின் செய்தி. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியதும், அதனால் ஐயரவர்களின் வாழ்க்கை திசை மாறியதும் பலரும் அறிந்தவை. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் படிக்கப் புகுந்தபோது அவரை வருத்தியது மூலத்தின் கடுமை மட்டுமன்று. உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதே தெரியாமை. பிள்ளையவர்களிடம் அத்தனை ஆண்டு பாடங்கேட்டும் அவ்வடிகளை எங்கும் கண்டதில்லை. பின்பு மடத்துச் சுவடிகளில் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் கைக்கு வந்தன. ஏட்டைப் படித்துச் செல்லும்போது, உரையில் பெயரின்றிக் கிடந்த அடி ஒன்று அங்கே தன் சொந்த வீட்டில் இருப்பதைக் கண்ட மகிழ்ச்சியைத் தம் சுயசரிதத்தில் அவர் விவரித்திருக்கிறார். சங்க இலக்கியம் என்றொரு பரப்பு இருக்கிறது என்பதை அவருக்கு உணர்த்திய பலவற்றுள் அந்த மேற்கோள்களும் ஒன்று.

அதன் பின்பு அவர் செய்ததுதான் நாம் மாணவர்க்கு வலியுறுத்த விரும்புவது. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 எனத் தொடர்ந்த பதிப்புகளில், மூலத்தை அச்சிட்டதோடு அவர் அமையவில்லை. பாட வேறுபாடுகளையும் ஒப்புமைப் பகுதிகளையும் அடியில் காட்டினார். உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களின் அகராதியைச் சேர்த்தார். எல்லாவற்றினும் மேலாக, எவ்வளவு தேடியும் இருப்பிடம் தெரியாத மேற்கோள்களைத் தனியே திரட்டி 'விளங்கா மேற்கோளகராதி' என்று தலைப்பிட்டு வெளியிட்டார். தமக்குத் தெரியாததைப் பட்டியலிட்டு ஊரறியச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதனால் அவர் புகழ் குறையவில்லை. அப்பட்டியலை வைத்துக்கொண்டு பின்வந்தோர் ஒவ்வொன்றாக இடங்கண்டனர். இன்றைய ஆய்வேடுகளில் எல்லா மேற்கோளுக்கும் பக்க எண் இருக்கிறது. 'இதன் இடம் எனக்குத் தெரியவில்லை' என்ற ஒரு வரியை நாம் இதுகாறும் கண்டதில்லை.

மேற்கோள் இன்மையும் ஒரு சான்றாகும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களை எண்ணிச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டு. அதில் ஈற்றில் வரும் நூல் கைந்நிலையா இன்னிலையா என்பது நெடுங்கால வழக்கு. இன்னிலை என்ற பெயரில் ஓர் ஏடு கிடைக்க, பெரியார் வ.உ. சிதம்பரம் பிள்ளை அதனை மெய்யென நம்பி உரையெழுதி வெளியிட்டார். நாட்டுக்காகச் செக்கிழுத்த அச்செம்மல் தமிழ் நூல் ஒன்று வாழவேண்டும் என்னும் ஆர்வத்தால் செய்தது அது. பின்பு 1931இல் இ.வை. அனந்தராமையர் கைந்நிலையைப் பதிப்பித்தார். அறுபது வெண்பா, பல சிதைந்தவை, ஆசிரியர் புல்லங்காடனார். இரண்டில் எது பழையது? தொல்காப்பிய உரைகளைப் புரட்டிப் பார்த்தனர். கைந்நிலைச் செய்யுட்கள் அங்கே மேற்கோளாக வந்துள்ளன. இன்னிலையிலிருந்து பழைய உரையாசிரியர் ஒருவரும் ஒரு பாட்டையும் எடுத்தாளவில்லை. நடையும் பிறவும் ஐயத்தை மிகுவித்தன. இன்னிலை பிற்காலத்தார் புனைந்தது என்பதே அறிஞர் முடிவாயிற்று. ஏட்டைப் புனையலாம், எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாகப் பல ஊர்களில் பல கைகள் எழுதிய உரைச் சுவடிகளில் அதற்குச் சாட்சி புகுத்துவது எளிதன்று.

அச்சுக் காலத்தில் எண் வந்தது. ஏட்டுக்குப் பக்க எண்ணைச் சுட்டும் வழக்கம் இல்லாமையால் உரையாசிரியர்கள் நூற்பெயரோடு நின்றனர்; நாம் பாட்டெண்ணும் பக்க எண்ணும் தருகிறோம். இது பெரிய வசதி. ஆனால் அவ்வெண் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று சொல்லாவிட்டால் வசதியே வலையாகிவிடுகிறது. தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணர் பகுத்தவாறு எண்ணினால் 1595, நச்சினார்க்கினியர் பகுத்தவாறு எண்ணினால் 1611 என்பர். ஒரே நூற்பா இவ்விருவர் உரைகளிலும் வெவ்வேறு எண் பெறுவது இதனால்தான். கம்பராமாயணத்திலும் திருமந்திரத்திலும் பாட்டெண் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை 1935லும் 1937லும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டு, 1955இல் திருத்தி ஒரே நூலாக ஆக்கினார்; ஒன்றின் பக்க எண் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆசிரியர் பெயரும் இப்படியே. 'ஔவையார் கூறுகிறார்' என்று எழுதிச் செல்லும் மாணவர், அதியமானைப் பாடிய ஔவையாரா, ஆத்திசூடி பாடிய ஔவையாரா என்று சொல்லாவிடில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை ஒரே அடியில் தாண்டிவிடுகிறார். நக்கீரர் பெயரிலும் இதே தொல்லை உண்டு.

கல்வெட்டுக்கு வந்தால் இன்னும் கருத்து வேண்டும். உத்தரமேரூர்க் குடவோலை முறையை எடுத்துரைக்காத மேடையும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஆயின் அங்கே முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன என்பதைச் சொல்வோர் சிலரே. ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 919; மற்றொன்று பதினான்காம் ஆட்சியாண்டு, 921. கல்வெட்டுத் துறையினர் 1898ஆம் ஆண்டில் படியெடுத்தவற்றுள் 1, 2 என்னும் எண்கள் பெற்றவை அவை. முன்னதில் உறுப்பினர்க்கு வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்கு உள். பின்னதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உள். இரண்டே ஆண்டில் சபை தன் விதியைத் திருத்தியது என்னும் வரலாற்றுச் செய்தி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 'உத்தரமேரூர்க் கல்வெட்டு' என்று பொதுப்படக் குறித்தவர்க்கு அச்செய்தி தென்படாது. மேலும் அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்துச் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே குடவோலையில் இடம். கல்வெட்டைப் படித்தவர் இதனை மறைக்க மாட்டார். கல்வெட்டைப் பற்றி எழுதியதைப் படித்தவரைப் படித்தவர்தாம், நாட்டில் எல்லாரும் வாக்களித்தனர் என்று எழுதுகிறார். நாமும் ஒரு காலத்தில் இச்சங்கத்து மேடையில் அவ்வாறு பேசியதுண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

சான்றில்லாமல் சொல்லில்லை என்ற கொள்கையைப் பெரிய அளவில் நிறைவேற்றிய பணி சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், பின்பு ஓர் அனுபந்தம். 1926 முதல் அதன் பதிப்பாசிரியராயிருந்தவர் வையாபுரிப் பிள்ளை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இலக்கிய வழக்குடைய பொருள்களுக்கெல்லாம், அஃது எந்த நூலில் எவ்விடத்தில் வந்தது என்னும் குறிப்பைக் காணலாம். அவர்தம் கால ஆராய்ச்சி முடிவுகளில் நமக்கு உடன்பாடு இல்லாதவை பல உண்டு. சில நூல்களை மிகவும் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவரை மறுக்க விரும்புவோர்க்கு வேண்டிய ஆயுதங்களையும் அவரே அடிக்குறிப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த ஏடு, எந்தப் பாடம், எந்த அடி என்று அவர் சொல்லியிருப்பதால்தான் அவரோடு வழக்காட முடிகிறது.

அவர் தேடிச் சேர்த்த நூல்தொகுதி இன்று தமிழகத்தில் இல்லை. நம் நகரத்து அலிப்பூரில், தேசிய நூலகத்தில் இருக்கிறது. இந்நகரத் தமிழருள் எத்தனை பேர் இதனை அறிவர் என்பது நமக்கு ஐயமே. தமிழ்நாட்டை விட்டு வெளியே இருக்கிறோம், மூலநூல்களுக்கு எங்கே போவது என்று குறைப்படுவது நம் வழக்கம். அந்தக் குறை இப்போது வேறு வகையிலும் நீங்கிவிட்டது. பழைய பதிப்புகள் பலவற்றின் பக்கங்களை அப்படியே படமெடுத்துக் கணினியில் காணத் தந்திருக்கிறார்கள். சென்னையில் 1994இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை அரிய நூல்களைக் காத்து வருகின்றன. அதே கணினியிடம் கேள்வி கேட்டால், இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துப் புனைந்து தரும் புதுமையும் இப்போது வந்திருக்கிறது. இன்னிலையை எழுதியவருக்கேனும் வெண்பா இயற்றும் உழைப்பு இருந்தது.

அன்று அந்த மாணவரிடம் இவ்வளவும் சொன்னோம் என்று கூற இயலாது; பாதி சொல்வதற்குள் இரவாகிவிட்டது. எழுபது நூல்களில் பார்க்காதவற்றை அடித்துவிடுங்கள், பார்க்க இயலாமல் வேறொருவர் வழியாக அறிந்ததை 'இன்னார் நூலில் காட்டிய மேற்கோள்' என்று உள்ளபடியே எழுதுங்கள், புறநானூற்றை மட்டும் நேரில் திறந்து பாருங்கள் என்று கூறி அனுப்பினோம். பட்டியல் பதினெட்டாகச் சுருங்கினால் மதிப்பெண் குறையுமே என்று அவர் தயங்கியது முகத்தில் தெரிந்தது. குறையலாம் என்றே நாமும் சொன்னோம்.

பத்து நாள் கழித்து வந்தார். அலிப்பூருக்கு மூன்று முறை போயிருக்கிறார். தாம் தேடிய பாட்டு 276ஆம் பாட்டு, பாடியவர் மதுரைப் பூதன் இளநாகனார், திணை தும்பை, துறை தானைநிலை என்று மனப்பாடமாகவே சொன்னார். பட்டியலில் இப்போது இருபத்தாறு நூல்கள் இருந்தன; எட்டைப் புதிதாகப் படித்திருந்தார். இலக்கங்கள் இடம் மாறி 276 என்பது 267 ஆனது எங்கே என்று தேடிய வகையில், அவர் முதலில் எடுத்த புத்தகத்திற்கு முன்பே வந்த வேறிரண்டு நூல்களிலும் அதே பிழை இருப்பதைக் கண்டிருக்கிறார். ஒருவர் மற்றொருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். மூவரும் புறநானூற்றைத் திறக்கவில்லை. அச்செய்தியையே ஓர் அடிக்குறிப்பாக எழுதிச் சேர்க்கலாமா, பெரியவர்களைக் குறை கூறுவதாக ஆகுமா என்று கேட்டார். பெயரை விடுத்துப் பிழையை மட்டும் குறியுங்கள் என்றோம். அவ்வாறே குறித்தார். அவருடைய கட்டுரையின் நாற்பத்தோராம் பக்கத்தின் அடியில் அது இருக்கிறது.